மனமொத்து என்று எழுதினால் மனம் ஒத்துவிடுமா?

இருபது ரூபாய் பத்திரத்தாளில் இரண்டு பக்கம். ஏழு ஷரத்து. அடியில் என் கையெழுத்து, பக்கத்தில் அவர் கையெழுத்து, இடது ஓரத்தில் நான்கு தோழர்களின் சாட்சிக் கையெழுத்து. 2021 ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு எழுதி முடித்த இந்தப் பத்திரத்தை என் கணவர் குடும்ப நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுத்திருக்கிறார். ஜீவனாம்சம் வேண்டாம், வீட்டில் உரிமை இல்லை என்று இவளே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்கிறார். அந்தப் பத்திரம் செல்லாது என்று நான் வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

புருசன் பொண்டாட்டி சண்டையைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும். அந்தப் பத்திரத்தை எழுதியது, சேரி சனங்களுக்காக இருபது வருசம் மனு எழுதிய கை. சாட்சி போட்டவர்கள் மேடையேறிப் பெண் விடுதலை பேசுகிறவர்கள். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிவதை நான் எதிர்க்கவில்லை. அவருக்கு வேறு வாழ்க்கை வேண்டுமென்றார். இருக்கட்டும். பிடிக்காத ஆளைப் பிடித்துக் கட்டிவைத்து நான் என்ன குடும்பம் நடத்த? என் சண்டை அந்தக் காகிதத்தோடு.

எங்கள் கல்யாணம் 2007-இல் நடந்தது. ஐயர் இல்லை, தாலி இல்லை, அம்பேத்கர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். இப்படி நடக்கிற கல்யாணமும் செல்லும் என்று 1967-இல் இந்தத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். நான் அப்போது ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். அவர் சட்டக் கல்லூரியில் ரெண்டு வருசம் படித்துவிட்டு நிறுத்தினவர். இயக்க வேலை, கூட்டம், துண்டறிக்கை என்று அவர் அலைய, வீட்டுச் செலவுக்கு என் சம்பளம். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று 2016-இல் வேலையை விட்டேன். பதினோரு வருசத்துப் பி.எஃப். பணத்தை எடுத்து மனை வாங்கினோம். பத்திரம் அவர் பெயரில். ஏன் என்று நான் கேட்கவில்லை. தோழரிடம் போய் யாராவது கணக்குக் கேட்பார்களா? 2018-இல் குரூப் நாலு எழுதி அரசு வேலைக்குப் போனார். அவர் படித்த ராத்திரிகளில் வீட்டுக்கு அப்பர் வாங்கி வந்து ஊசியால் கோத்துக்கொண்டிருந்தவள் நான்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். கொரோனாவில் அப்பர் வரத்து நின்று மாசக்கணக்காகிவிட்டது. கையில் காசு இல்லை. அவர் ஒரு மாசமாக வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்கு நான்கு தோழர்களோடு வந்தார். பத்திரத்தாள் ஏற்கெனவே வாங்கி எழுதியிருந்தது. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. மகளுக்குப் பதினோரு வயசு. அவளை அன்று காலையிலேயே அவர் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

"அண்ணி, படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றார் ஒரு தோழர்.

"பாப்பா எங்க?" என்று கேட்டேன்.

"இது முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடுவாங்க."

இன்னொருவர் சொன்னார்: "பிரச்சன வெளிய போச்சுன்னா ஊர்க்காரன் சிரிப்பான். இயக்கத்துக்குக் கெட்ட பேரு. நீங்களும் இயக்கத்துல இருந்தவங்கதான, தெரியாதா?"

போட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள் நான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் போடவில்லை. ஏழு ஷரத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். மகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது பத்திரத்துக்குள் போவோம். ஆரம்பமே இப்படி: "எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல திட நினைவுடன்." கல்யாணப் பத்திரிகையில் யாராவது இப்படிப் போடுகிறார்களா? வற்புறுத்தல் இல்லாத இடத்தில் வற்புறுத்தல் இல்லை என்று எழுத வேண்டிய தேவை என்ன?

முதல் ஷரத்து: "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்வதென முடிவு செய்கிறோம்." படிக்க எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது! நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தச் சொல்லுக்குள் கண்ணி இருப்பதை ரெண்டு வருசம் கழித்து, இலவச சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மனைவிக்கு ஜீவனாம்சம் கொடுக்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவிலேயே நான்காவது உட்பிரிவு ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறது அது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து 125 என்பது 144 ஆனது. இந்த உட்பிரிவு அப்படியேதான் இருக்கிறது. சட்டம் ரெண்டு வருசம் படித்தவர் எழுதிய பத்திரம் இது. 'மனமொத்து' என்ற சொல் அவர் பேனாவில் தற்செயலாக வந்து விழுந்தது என்று நம்ப நான் தயாராக இல்லை.

இரண்டாவது ஷரத்து: நாற்பதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு இனி எனக்கும் மகளுக்கும் எந்த ஜீவனாம்சமும் கேட்பதில்லை. ஆமாம், நாற்பதாயிரம் வாங்கினேன். வாடகை அட்வான்சுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் செலவழித்தேன். அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றத்திலும் சொல்லிவிட்டேன். ஆனால் மகளின் சோற்றை விட்டுக்கொடுக்க நான் யார்? அவள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. தகப்பனிடம் பராமரிப்புக் கேட்பது பிள்ளையின் உரிமை. தாய் எழுதிக் கொடுத்து அது அழியாது. என் பங்குக்கும் பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் நீலம்மா என்ற பெண் எட்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு இனிமேல் கேட்பதில்லை என்று நீதிமன்றத்திலேயே எழுதிக் கொடுத்தவர். பிறகு வேறு சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்டார். மனைவி தன் பராமரிப்பு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தில் எழுதியதற்கே அந்தக் கதி என்றால், என் வீட்டுத் திண்ணையில் எழுதினதற்கு என்ன மதிப்பு?

மூன்றாவது: வீட்டிலும் மனையிலும் எனக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீட்டில் ஒருவருக்கு இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிற பத்திரம் பதிவு ஆகியிருக்க வேண்டும் என்கிறது 1908-ஆம் வருசத்துப் பதிவுச் சட்டம், பிரிவு 17. இந்தப் பத்திரம் பதிவு அலுவலகத்து வாசலையே பார்த்ததில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். எனக்கு உரிமையே இல்லாத வீடு என்றால், உரிமை இல்லை என்று என்னிடம் எதற்கு எழுதி வாங்கினார்?

நாலாவது: ஒரு வருசம் கழித்துப் பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13-பி பிரிவு அது. அந்தச் சம்மதம் தீர்ப்பு நாள்வரை உயிரோடு இருக்க வேண்டும், இடையில் எவரும் தனியாக வாபஸ் வாங்கலாம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் கொடுத்த சம்மதத்தையே திரும்ப வாங்கலாம் என்னும்போது, வருங்காலச் சம்மதத்தை இன்றைக்கே எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா?

மற்ற மூன்றும் சின்னவை. நீதிமன்றம் போகக்கூடாது. இயக்கத்தாரிடம் முறையிடக்கூடாது. அவரைப் பற்றி எங்கேயும் பேசக்கூடாது. என் வாயை ஏழாவது ஷரத்து கட்டியிருக்கிறது. அதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

2022-இல் 13-பி மனுவை எடுத்துக்கொண்டு வந்தார். போடமாட்டேன் என்றேன். 2023-இல் அவர் தனியாக விவாகரத்து வழக்குப் போட்டார். காரணம் என்ன தெரியுமா? நான் அவரை ரெண்டு வருசமாகக் கைவிட்டு ஓடிவிட்டேனாம்! மனுவில் அப்படி இருக்கிறது. நான் ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட வழக்கில் அவருடைய பதில் மனு வேறு மாதிரி பேசுகிறது: இருவரும் மனமொத்துப் பிரிந்தோம், ஆகவே பணம் கிடையாது. ஒரே நீதிமன்றம், ஒரே ஆள், ஒரே பிரிவு. விவாகரத்துக்கு நான் ஓடிப்போனவள். ஜீவனாம்சத்துக்கு நான் சம்மதித்துப் போனவள். சம்மதத்தோடு பிரிந்தால் அது கைவிடுதல் ஆகாது, கைவிடுதல் என்றால் அங்கே சம்மதம் இருந்திருக்க முடியாது. தன் பத்திரமே தன் மனுவின் கழுத்தை அறுப்பதை அந்த மனு எழுதும் நிபுணர் கவனிக்கவில்லை. எது பொய் என்று அவரே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும்.

தோழர்களே, இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

நிலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் நம் சனங்களுக்கென்று நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் சனங்களுக்கு வெளியே போகக்கூடாது என்று நிபந்தனை. அப்புறமும் அந்தப் பஞ்சமி நிலம் எப்படிப் போனது? கிரயப் பத்திரம், கடன் பத்திரம், கைநாட்டு. ஒரு மூட்டை கேழ்வரகுக்குக் கட்டை விரலை மையில் அழுத்தினான் என் பூட்டன். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் காரணையில் போராட்டம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

ஒவ்வொரு அக்டோபர் பத்துக்கும் எங்கள் ஊரில் கூட்டம் நடக்கும். என் கணவர்தான் பேசுவார். நோட்டீசை மடித்துக் கொடுப்பவள் நான். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம்: "கையெழுத்துப் போட்டான்ல, அப்புறம் இன்னா கேக்கறன்னு கேக்கறான் ஆண்டை. டேய், பசியில வச்ச கைநாட்டு சம்மதமாவுமாடா? எழுதினவன் நீ, எழுத்து உன்னுது, சாட்சி உன் ஆளு, இதுல எங்க பாட்டன் சம்மதம் எங்கடா இருக்குது?" கூட்டம் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

அதே கேள்வியை அவரிடம் கேட்கிறேன். எழுதினவர் நீங்கள். எழுத்து உங்களுடையது. சாட்சி உங்கள் ஆட்கள். இதில் என் சம்மதம் எங்கே இருக்கிறது? ஆண்டைக்கு எதிராக எழுப்பிய நியாயம் வீட்டு வாசப்படியோடு நின்றுவிடுமா? சம்மதம் என்பது என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் இயக்கம்தான். அதைக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் இப்போது என் குற்றமா?

என் வாதத்துக்கு ரெண்டு பதில் வருகிறது. முதல் பதில்: "நம்ம சனங்க என்னைக்குக் கோர்ட்டுக்குப் போனாங்க? ஆதிக்க சாதிக்காரன் மாதிரி நமக்குக் கல்யாணம் சாகிற வரைக்கும் கட்டின கட்டா? தீத்துவிட்டு வேற கட்டிக்கிறது நம்ம வழக்கம். நம்ம பொம்பளைங்களுக்கு எப்பவும் சுதந்திரம் இருந்தது." இது பாதி உண்மை. எங்கள் ஆயா முதல் புருசனைத் தீர்த்துக்கொண்டவள். நாலு பேர் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் அவளைத் தாழ்வாகப் பேசவில்லை. அந்த வழக்கத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆயா கிள்ளிப்போட்ட துரும்பில் ஏழு ஷரத்து இருந்ததா? பிள்ளைக்குச் சோறு கேட்காதே என்று அந்தத் துரும்பு சொன்னதா? அவளுக்குக் களத்துமேட்டில் அவள் கூலி இருந்தது. அவனுக்கும் அதே கூலிதான், அதே குடிசைதான். அவள் காசில் வாங்கி அவன் பெயரில் எழுதின மனை ஒன்றும் நடுவில் இல்லை. அரசுச் சம்பளமும் வீடும் ஒருத்தர் பக்கம் சேர்ந்த பிறகு ஆயாவின் துரும்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். சட்டமும் வழக்கத்தை ஒதுக்கிவிடவில்லை. இந்து திருமணச் சட்டம் 29-வது பிரிவு வழக்கப்படியான விடுதலையைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தன் சமூகத்தில் இருப்பதாகச் சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் பத்திரத்தில் எந்த வழக்கத்தின் பேச்சும் இல்லை. இருப்பதெல்லாம் கணக்குத் தீர்த்த பேச்சு.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. "போலீசும் கோர்ட்டும் அவன்களுது. நம்ம பையன அங்க இழுத்துட்டுப் போனா நசுக்கிடுவான். எதிரிக்கு நீயே கத்தி எடுத்துக் குடுக்கற." இந்தப் பயம் பொய்யில்லை. ஸ்டேஷனில் நம் பையன்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நான் போலீசுக்குப் போகவில்லை. மிரட்டி எழுதி வாங்கினார் என்று கிரிமினல் புகார் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. கொடுக்கவில்லை. நான் போட்டது ஜீவனாம்ச வழக்கு ஒன்றுதான். நீதிமன்றத்துக்கு முதலில் போனதும் அவர், நான் இல்லை. கோர்ட்டு அவன்களுது என்றால் விவாகரத்துக்கு மட்டும் எப்படி அது நம்முடையதாகியது? அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்புக்காகப் போராடி, அது நிறைவேறாமல் போனதால் 1951-இல் சட்ட மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டார். பெண்ணுக்கு விவாகரத்தும் சொத்தும் அதில் இருந்தன. அவர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டவள், அந்த வழியில் வந்த சட்டத்தைத் தொட்டால் துரோகியா?

"பத்திரத்துல போட்டுக் குடுத்துட்ட, இனிமே இன்னாத்தக் கேக்கப்போற?" என்று என் அம்மாவே முதலில் கேட்டாள். நம் சனங்களுக்குப் பத்திரம் என்றால் அவ்வளவு பயம். முத்திரைத்தாளைக் கண்டால் சாமி வந்தது மாதிரி கும்பிட்டு ஒதுங்குகிறோம். சகோதரிகளே, அது வெறும் தாள். மிரட்டியோ அதிகாரம் காட்டியோ வாங்கிய ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல 1872-ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசில்லை என்று சும்மா இருக்காதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருசத்துச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த ஆபீஸ் இருக்கும். நான் அங்கேதான் போய் நின்றேன். 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அவரும் கொடுத்தார். மனை வாங்கிய தேதி அதில் இருக்கிறது. என் பி.எஃப். பணம் பாங்குக்கு வந்த தேதியும், வெளியே போன தேதியும் என் பாஸ்புக்கில் இருக்கின்றன.

குறுக்கு விசாரணையில் அவருடைய வழக்கறிஞர் கேட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துத்தான போட்டீங்க?"

"ஆமா."

"அப்புறம் சம்மதம் இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எம் பொண்ணு அப்ப வீட்ல இல்லீங்க" என்றேன்.

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எழுதின பத்திரத்துக்கு எதிராக வாய்ப்பேச்சு எடுபடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். மிரட்டலோ மோசடியோ நடந்தது என்று காட்ட வாய்ச்சாட்சிக்குத் தடையில்லை. அந்த ராத்திரி அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நானும் அவரும் ஆளுக்கொன்று சொல்கிறோம். மிச்சம் நாலு பேர்.

இயக்கங்களுக்கு என் கோரிக்கைகள் இவை. பஞ்சாயத்துப் பேசப் போகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்த தாளில் சாட்சி போடாதீர்கள். பிள்ளையை வேறு வீட்டில் வைத்துவிட்டுத் தாயிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். தாளை அவள் கையில் கொடுத்து, அவள் நம்புகிற ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவரப் பத்து நாள் விடுங்கள். பிள்ளையின் பராமரிப்பை எந்தப் பத்திரத்திலும் விட்டுக்கொடுத்து எழுதாதீர்கள். பஞ்சமி நிலத்துக்குக் கேட்ட நியாயத்தை வீட்டுக்கும் கேளுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் பெண் விடுதலைக்குத் தனித் தீர்மானம் போட வேண்டாம். காகிதம் மிச்சமாகும்.

கடைசியாக, சாட்சி போட்ட நான்கு தோழர்களுக்கு. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது பத்திரத்திலேயே இருக்கிறது. உங்களை அழைக்க மனுப் போட்டிருக்கிறேன், சம்மன் வரும். எனக்குச் சாதகமாகப் பேசச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வந்தீர்கள், தாள் எழுதி வந்ததா வந்து எழுதினதா, பாப்பா எங்கே என்று நான் கேட்டபோது உங்களில் ஒருவர் என்ன பதில் சொன்னீர்கள், அதை மட்டும் வந்து சொல்லுங்கள். என்னை அண்ணி என்று கூப்பிட்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். பொய் சொல்வதாக இருந்தாலும் கூண்டில் ஏறி, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.